நின்று நின்று போகும் பயணம்



"மின்கார் பட்டணத்திற்குள் சுற்றி வருவதற்குச் சரி. ஊருக்குப் போய்வர முடியுமா?"

அண்மைக் காலமாகத் திருமண வீடுகளிலும், திண்ணைப் பேச்சுகளிலும், மாலை நேரத் தேநீர்க் கடைகளிலும் அடிக்கடி ஒலிக்கும் வினா இது. 'ஊருக்கு' என்று நம்மவர்கள் சொன்னால் அது பக்கத்துத் தெரு அன்று. சென்னையில் கடையோ, அலுவலோ வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஊர் என்பது காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம், கடையநல்லூர் என்று ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் மின்சாரத்தை நம்பிக் குடும்பத்தோடு புறப்படலாமா என்பதுதான் கேள்வியின் உட்பொருள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் பெட்ரோல் காரில் போனதைப் போலவே போக இயலாது. அந்த வேறுபாடு என்ன, அது நன்மையா, தொல்லையா என்பதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சென்ற கோடையில் எழுபத்தாறு வயதான என் உம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து காயல்பட்டினம் சென்றுவந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

புறப்படுமுன் போட்ட கணக்கு

மின்காரின் மின்கலத்தைத் தண்ணீர்த் தொட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவை நம் வீட்டு மின்கட்டண அட்டையில் காணும் அதே யூனிட் கணக்கில்தான் சொல்கிறார்கள். எங்கள் கார் 40 யூனிட் கொள்வது. நெடுஞ்சாலையில் நால்வர் அமர்ந்து, குளிர்சாதனமும் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஆக, முழுதும் நிரப்பினால் 240 கிலோமீட்டர். விளம்பரங்களில் இதைவிட மிகக் கூடுதலான தூரம் அச்சிடப்பட்டிருக்கும். அது பொய்யன்று. ஆனால் அது வரையறுக்கப்பட்ட வேகத்தில் சோதனை நிலையத்தில் எடுத்த அளவு. நம் கோடை வெயிலும், நம் பெட்டிச் சுமையும் அந்தச் சோதனையில் இடம்பெறுவதில்லை. எனவே விளம்பரத் தூரத்தை அப்படியே நம்பிப் பயணத் திட்டம் வகுப்பவர் நடுவழியில் வருந்த நேரிடும்.

சென்னையிலிருந்து காயல்பட்டினம் ஏறத்தாழ 640 கிலோமீட்டர். விழுப்புரம் 160, திருச்சி 330, மதுரை 465 என்று ஒவ்வொரு ஊரின் தொலைவையும் தாளில் எழுதி, எங்கே எவ்வளவு மீதம் இருக்கும் என்பதை என் மகள் கணக்கிட்டாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவளே எங்களுக்கு வழிகாட்டி. அவள் வகுத்த விதி ஒன்றுதான்: "எந்த நிலையத்திற்குப் போய்ச் சேரும்போதும், அது வேலை செய்யாவிட்டால் அடுத்த நிலையத்திற்குப் போகும் அளவுக்குக் கையில் மீதம் இருக்க வேண்டும்." இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் மனத்தில் பதித்துக்கொண்டால் இக்கட்டுரையில் பாதியைப் படித்து முடித்ததாகப் பொருள்.

ஒரே மூச்சில் ஓட்டியவன்

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெட்ரோல் கார் வைத்திருந்த இருபது ஆண்டுகளில் சென்னைக்கும் ஊருக்கும் இடையே நான் எத்தனை முறை ஓட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பதினொரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன், பத்தரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன் என்று மச்சான்மாரிடம் சொல்லிப் பெருமைப்படுவேன். பெட்ரோல் நிரப்ப ஒரு நிறுத்தம், சாப்பிட ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். "ஒரே மூச்சில் ஓட்டிவிட்டேன்" என்பது என் வழக்கமான சொல்.

மின்கார் வாங்கியபோது எனக்கிருந்த பெரிய குறையே இதுதான். மூன்று இடங்களில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் நிற்க வேண்டுமே! உம்மாவுக்கு இது எவ்வளவு சிரமம்! இப்படி எண்ணித்தான் மனம் சோர்ந்தேன். தம் மூத்த சகோதரி உடல்நலம் குன்றியிருப்பதால் பார்த்துவர வேண்டும் என்று உம்மா பிடிவாதமாகக் கேட்டிராவிட்டால், நான் அந்தக் காரில் அவரை அழைத்துச் சென்றிருக்க மாட்டேன்.

விழுப்புரத்தில்

அதிகாலையில் புறப்பட்டு எட்டு மணிக்கு முன்பாக விழுப்புரத்தை அடைந்தோம். உணவகம் ஒன்றின் வளாகத்திலேயே மின்னேற்று நிலையம் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மீதமிருந்தது. குழாயைச் செருகிவிட்டு உள்ளே சென்று பசியாறினோம். உம்மா மெல்ல நடந்து கைகால் கழுவி வந்தார். இட்லி உண்டார். தேநீர் அருந்தினார். பின்பு ஒரு முழு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னொரு தம்ளரும் கேட்டார். அதை நான் கண்டேன். ஆனால் அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் 85 விழுக்காடு ஏறியது. "நூறு வரை ஏற்றிவிடலாமே?" என்றேன். மகள் மறுத்துவிட்டாள். காரணம் இதுதான்: பந்தியில் முதலில் வருபவர்கள் விரைந்து அமர்ந்துவிடுவார்கள். கடைசியில் மிஞ்சும் ஓரிரு இடங்களைத் தேடி அமர்த்தத்தான் நேரம் பிடிக்கும். மின்கலமும் அப்படியே. அது நிரம்ப நிரம்ப அதன் மின்னழுத்தம் மேல்வரம்பை நெருங்குவதால், கேடு நேராதிருக்கக் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. 20லிருந்து 80 வரை ஏறும் வேகம் 80லிருந்து 100 வரை இருப்பதில்லை. எனவே நெடும்பயணத்தில் ஓரிடத்தில் நிரம்ப ஏற்றுவதைவிட, ஈரிடங்களில் அளவாக ஏற்றுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெரம்பலூரில் நேர்ந்த சோதனை

அடுத்து பெரம்பலூர் அருகே ஒரு நிலையத்தில் சிறிது ஏற்றிக்கொள்வதாகத் திட்டம். கைப்பேசிச் செயலி அது இயங்குவதாகவே காட்டியது. போய்ப் பார்த்தால் திரை இருண்டு கிடந்தது. உதவி எண்ணை அழைத்தோம். மணி அடித்ததே தவிர எடுப்பார் இல்லை. நிழலுக்கு ஒரு கூரை இல்லை, அமர ஓர் இருக்கை இல்லை, கழிப்பறையும் இல்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

மகள் தாளை எடுத்தாள். மீதம் 40 விழுக்காடு, அதாவது 16 யூனிட். திருச்சிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர்; அதற்குத் தேவை 9 யூனிட்டுக்குச் சற்று மேல். போய்ச் சேரும்போது 16, 17 விழுக்காடு மிஞ்சும். அவள் வகுத்த விதி இப்போது எங்களைக் காத்தது.

"இழந்த நேரத்தைப் பிடிக்க விரைவாக ஓட்டுகிறேன்" என்றேன். "வேண்டாம் வாப்பா, எழுபதில் போங்கள்" என்றாள். அவள் சொன்னதே சரி. ஓடும் வண்டியை எதிர்க்கும் காற்றின் வலிமை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100க்குப் போனால் வேகம் கூடுவது நான்கில் ஒரு பங்கு; காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடுகிறது. மின்காரை ஓட்டுபவருக்கு வலக்கால் பெருவிரலே சிக்கனத்தின் திறவுகோல்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த உம்மா, "ஏ.சி.யை நிறுத்திவிடு வாப்பா, எனக்கு ஒன்றும் செய்யாது" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. குளிர்சாதனம் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். அதை நிறுத்தி மிச்சம் பிடிப்பது ஐந்தாறு கிலோமீட்டர். அதற்காக முதியவரை வெயிலில் வாட்டுவது அறிவுடைமையாகாது. வேகத்தைக் குறைத்தோம், குளிர்சாதனத்தை நிறுத்தவில்லை. 18 விழுக்காடு மீதத்துடன் திருச்சியை அடைந்தோம். அங்கே மதிய உணவு, தொழுகை, உம்மாவுக்குச் சற்றுச் சாய்ந்திருக்க ஓர் இருக்கை எல்லாம் வாய்த்தன. ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்றோம். உம்மா மீண்டும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மதுரையில் அறிந்த உண்மை

பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை. மூன்றாம் முறையாகக் குழாயைச் செருகினேன். "உம்மாவுக்கு இன்று ஏன் இத்தனை தாகம்? சர்க்கரை கூடியிருக்குமோ?" என்று என் மனைவியிடம் கவலையோடு கேட்டேன்.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமி எப்போதும் பயணத்துக்கு முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வழியில் இறங்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கக் கூச்சம். 'பிள்ளை ஒரே மூச்சில் ஓட்டுகிறான், நாம் ஏன் இடையில் தடுக்க வேண்டும்' என்பார்கள். இன்று கார் தானாகவே நிற்கிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதனால் குடிக்கிறார்கள். நானும்தான்."

வாசகர்களே! அந்த நொடியில் எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத முனைந்தால் இப்பக்கம் போதாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கோடைப் பயணத்தின் முடிவில் உம்மா வாசற்படியிலேயே மயங்கி விழுந்ததும், மருத்துவமனையில் இரவு முழுவதும் குளுக்கோஸ் ஏற்றியதும் நினைவுக்கு வந்தன. "வெயிலின் கொடுமை" என்றே நாங்கள் அனைவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். வெயில் மட்டுமா? பத்தரை மணி நேரத்தில் வந்துவிட்டேன் என்ற என் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள்?

நம் வீட்டுப் பெண்கள், குறிப்பாக முதியவர்கள், பயணத்தில் தண்ணீரைத் தவிர்ப்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நீர் குறைந்தால் தலைசுற்றலும் மயக்கமும் வரும். சிறுநீரை நெடுநேரம் அடக்கினால் தொற்று உண்டாகும். மணிக்கணக்கில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. அதனால்தான் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கி நடக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். பெட்ரோல் காரிலும் நாம் அப்படி நின்றிருக்கலாம். நிற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் நிற்கவில்லை, அவ்வளவே.

அன்னையைக் காணப் புறப்பட்ட ஒரு பெண்

வழியில் எரிபொருள் கிடைக்குமா என்ற அச்சம் மின்காருக்கு மட்டும் உரியது அன்று. கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியர் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886இல். ஆனால் அதை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமலே, மகன்மார் இருவரை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ள போர்ட்ஸ்ஹைமுக்கு, தம் அன்னையின் வீட்டிற்கு, அவர் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். அன்று உலகில் பெட்ரோல் பங்க் என்று ஒன்று கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் துணிக்கறை நீக்கப் பயன்படும் திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்திக்கொண்டார்.

அக்காலத்தில் மின்கார்களும் ஓடின. 1899இல் முதன்முதலில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய கார் மின்சாரத்தில் ஓடியதே. ஆயினும் பங்குகள் பெருகி, 1912இல் தொடங்கி, கையால் சுழற்றாமல் பெட்ரோல் எஞ்சினை இயக்கும் கருவியும் வந்தபின் மின்கார் பின்தங்கியது. ஈய மின்கலத்தின் பளுவும் அதற்குத் தடையாயிற்று. 1991இல் லித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்ததே அது மீண்டெழ வழி வகுத்தது. அம்மின்கலத்தை உருவாக்கிய மூன்று அறிஞர்களுக்கு 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2024இல் நார்வே நாட்டில் விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவானவை முழு மின்கார்கள். பனி உறையும் நாட்டில் இயலுவது நம் நாட்டில் இயலாததன்று, நிலையங்கள்தாம் வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு மின்னேற்று நிலையம் இருக்க வேண்டும் என்று இந்திய அரசின் மின்துறை 2018இல் நெறிமுறை வகுத்தது. தாளில் உள்ள அந்த எண்ணிக்கையைவிட, இருக்கும் நிலையம் இயங்குகிறதா என்பதே பயணிக்கு முக்கியம். பெட்ரோல் பங்குகள் குடிநீரும் கழிப்பறையும் கட்டணமின்றி வழங்கக் கடமைப்பட்டவை. ஐந்து நிமிடம் நிற்கும் இடத்திற்கே அவ்விதி என்றால், ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய இடத்தில் கழிப்பறையும் விளக்கும் கூரையும் இல்லாதிருப்பது எவ்வகையில் நியாயம்? இரவில் தனியாக வரும் ஒரு பெண் அங்கே எவ்வாறு நிற்பார்?

தூத்துக்குடியை நெருங்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2025இல் மின்கார்த் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்ட அதே ஊரில்தான் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையமும் நிற்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. மின்காரில் புகைக்குழாய் இல்லை என்பதால் புகையே இல்லை என்று பெருமை பேசலாகாது. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகப் பெருக அக்குறை தணியும்.

செலவையும் கேட்பீர்கள். 640 கிலோமீட்டருக்கு 107 யூனிட். எல்லாவற்றையும் பொது நிலையத்திலேயே, யூனிட்டுக்கு 20 ரூபாய் வீதம் ஏற்றினாலும் 2,140 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 4,270 ரூபாய். ஏறத்தாழப் பாதி மிச்சம்.

நீங்கள் புறப்படுவதானால்

வீட்டில் முழுமையாக ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். வழியில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் மாற்று நிலையம் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் செயலிகளையும் முன்னதாகவே கைப்பேசியில் பதிந்து, சிறிது பணமும் இட்டுவைப்பது நலம். நடுச்சாலையில் அலைக்கற்றை கிடைக்காமல் தவிக்க நேராது. உணவகத்தோடு இணைந்த நிலையங்களையே தேர்ந்தெடுங்கள். டயரில் காற்றுச் சரியாக உள்ளதா என்று பாருங்கள்.

ஊர் வீட்டில் இரவில் ஏற்றுவதாயின் 15 ஆம்பியர் முனையில் மட்டுமே செருகுங்கள். பழைய வீடுகளில் எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு முன்னதாகச் சோதிக்கச் சொல்லுங்கள். நீட்டிப்பு வயர்களை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மணிக்கணக்கில் மின்சாரம் பாயும்போது அவை சூடேறித் தீப்பற்றும் இடருண்டு.

எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தக் காரில் போனாலும் சரி, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நில்லுங்கள். "யாருக்காவது இறங்க வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "வேண்டாம்" என்றே விடை வரும். நிறுத்திவிட்டு, நீங்கள் முதலில் இறங்குங்கள்.

அன்று இரவு ஏழு மணியளவில் ஊர் போய்ச் சேர்ந்தோம். பதின்மூன்று மணி நேரத்திற்கு மேலாகிவிட்டது. என் வாழ்நாளில் மிக மெதுவான பயணம் அது. வாசலில் கார் நின்றதும் உம்மா, யார் கையையும் பற்றாமல், தாமே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, தம் சகோதரியின் அறையை நோக்கி நடந்தார். அக்காவும் தங்கையும் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரத்தில் வந்தாய் என்று மச்சான் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.